'சோடோ' என்றால் எதை விடுவது?

காலை ஆறு இருபது. வெளிச்சம் வந்ததும் முதலில் கண்ணில் பட்டது, மூன்றாவது மணல் மேட்டின் உச்சியில் நட்டிருந்த சிவப்புக் கொடி. இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு டிசம்பர் வியாழக்கிழமை. ஓமானில், சோஹாரிலிருந்து பல மணி நேரப் பயணத்தில், பாலைவனத்துக்குள் போட்டிருந்த எங்கள் சர்வே கேம்ப்.

மின்கம்பிப் பாதைக்கு அளவெடுப்பது எங்கள் கம்பெனியின் வேலை. நான் அதில் பதினோரு வருடமாக ஹெல்ப்பர். வயது நாற்பத்தேழு, ஊர் சிவகங்கைப் பக்கம். அதுவரை ஜீப் போகும் தடத்தை ஒட்டியே வேலை நடந்தது. புதிய பாதை, தடமே இல்லாத மணல் மேடுகளின் குறுக்கே போனது. அங்கே ஜீப் புதைந்துவிடும், குவாட் பைக் என்கிற நாலு சக்கர பைக்தான் போகும். அதனால் கம்பெனி ஒரு தேர்வு வைத்தது. குவாட்டைத் தனியாக ஓட்டி மூன்று மேடுகளைக் கடக்க வேண்டும். கொடியருகே ஒரு முளை அடித்துவிட்டு, யாருடைய உதவியும் இல்லாமல் நாற்பது நிமிடத்துக்குள் திரும்ப வேண்டும். முடித்தவனுக்குக் கான்ட்ராக்ட் இரண்டு வருடம் நீளும். முடியாதவன் மாதக் கடைசியில் ஊருக்குப் போகலாம். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. நான் இரண்டைத் தோற்றிருந்தேன். மகள் அப்போது நர்சிங் இரண்டாம் வருடம்.

குவாட் ஓட்டுவது உட்கார்ந்து செய்கிற வேலை என்று நினைத்திருந்தேன். தடம் இல்லாத மணலில் உட்காரவே முடியாது. முழங்காலை மடக்கி, மிதிப்படியில் நின்றபடியே ஓட்ட வேண்டும். ஏறும்போது நெஞ்சு ஹேண்டில்பாருக்கு மேலே போக வேண்டும். சரிவில் குறுக்கே போகும்போது மேட்டுப் பக்கம் உடம்பை முழுக்கச் சாய்க்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி நம் மேலேயே புரளும். கால் மணி நேரத்தில் தொடை நடுங்கும். ஹெல்மெட்டுக்குள் மூச்சு சூடாகும். நின்றுவிட்டால் சக்கரம் மணலைக் குடைந்து இறங்கிவிடும். முந்நூறு கிலோ வண்டியைத் தோண்டி எடுப்பது, ஒரு ஆள் மட்டும் கிணறு வெட்டுவது போல. முதல் பயிற்சி நாள் முடிந்து கேம்ப் படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் இறங்கினேன்.

பயிற்சியாளர் பாகிஸ்தானின் வடக்கு மலைக்காரர். பொடிப் பனியில் இடுப்பளவு புதைந்து நடந்து வளர்ந்தவர். பனியும் மணலும் ஒரே சாதி, நிற்கிறவனை விழுங்கும் என்பார். நான் ஓட்டும்போதெல்லாம் ஹெல்மெட் ரேடியோவில் அவர் கத்துவது ஒரே வார்த்தைதான். "சோடோ, பாய், சோடோ!"

சோடோ என்றால் விடு. எனக்கு அந்த அளவு ஹிந்தி தெரியும். அவர் சொன்னவுடன் விட்டேன். இரண்டு முறையும் இரண்டாவது மேட்டின் பாதியில் வண்டி நின்று, அச்சு வரை புதைந்தது.

இரண்டாவது தோல்வி நடந்த புதன்கிழமை மாலை, ஸ்டோர் கீப்பர் என்னைத் தேடி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட ஐந்து வயது இளையவர். தண்ணீர்த் தொட்டியருகே நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

"அண்ணை, அவர் எதை விடச் சொல்லுறார் எண்டு நினைக்கிறியள்?"

"அக்ஸிலரேட்டரைத்தான்."

"இல்லை அண்ணை. நீங்கள் ஹேண்டிலை உடும்பு மாதிரிப் பிடிச்சிருக்கிறியள். அந்தப் பிடியைத்தான் விடச் சொல்லுறார். நீங்கள் பெருவிரலையும் சேர்த்து எடுக்கிறியள், வண்டி நிக்குது."

பக்கத்தில் நின்ற இன்னொரு ஹெல்ப்பர், அறந்தாங்கிக்காரன், சிரித்தான். அவனுக்கும் ஒரு வாய்ப்புதான் பாக்கி. "அண்ணனுக்கு எதை விடுறதுன்னு தெரியாமப் போச்சு. ஊருக்குப் போயி பஸ் விடலாம் வாங்கண்ணே."

அவன் கிண்டலில்தான் எனக்கு உறைத்தது. தமிழில் வண்டியை விடு என்றால் ஓட்டு என்றும் பொருள், கையை எடு என்றும் பொருள். குவாட்டில் அக்ஸிலரேட்டர் கட்டைவிரலுக்கடியில் ஒரு சின்ன லீவர். நான்கு விரலும் தளர வேண்டும், ஐந்தாவது மட்டும் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அன்று இரவு சாப்பாட்டுத் தட்டின் விளிம்பைப் பிடித்துப் பழகினேன்.

வியாழக்கிழமை ஆறு ஐம்பதுக்குக் கிளம்பினேன். விடியற்காலை ஈரத்தில் மணல் கொஞ்சம் இறுகியிருந்தது. முதல் மேடு ஒரே மூச்சில். இரண்டாவது மேட்டின் பாதியில் முன்சக்கரம் அலைந்தது. ரேடியோவில் "சோடோ" கேட்டது. நான்கு விரலை மட்டும் தளர்த்தினேன். ஹேண்டில் கைக்குள் தானாக ஆடி, தானாக நேரானது. கட்டைவிரலை எடுக்கவில்லை. உச்சி வந்தது.

மூன்றாவது மேட்டின் சரிவில் உடம்பைச் சாய்க்க ஒரு நொடி தாமதித்தேன். வண்டி வழுக்கிக் கீழ்ப்பக்கமாகப் புதைந்தது. இறங்கி, நாலு சக்கரத்துக்கு முன்னாலும் கையால் மணலை அள்ளினேன். பின்பக்கத்தைத் தோளால் முட்டி, சரிவு இறங்கும் பக்கமாகத் திருப்பினேன். மூன்று முட்டு அசையவில்லை, நாலாவதில் அசைந்தது. ஏழு நிமிடம் போனது. கீழே இறக்கி, வேகம் எடுத்து, மறுபடி ஏறினேன்.

கொடியருகே முளை அடித்தபோது சுத்தியல் இரண்டு தடவை கையிலிருந்து நழுவியது. திரும்பும் வழியில் வண்டி எங்கும் நிற்கவில்லை. இரண்டாவது மேட்டிலிருந்து இறங்கும்போது சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ரேடியோ திறந்திருந்ததால் கேம்ப்பே கேட்டதாம்.

பயிற்சியாளர் கடிகாரத்தைக் காட்டினார். முப்பத்தெட்டு நிமிடம். "கலாஸ்" என்றார், முடிந்தது என்று. பிறகு என் ஹெல்மெட்டை அவரே கழற்றினார். மரத்துப்போன என் விரல்களுக்குக் கொக்கி அகப்படவில்லை.

அறந்தாங்கிக்காரன் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு கேட்டான். "அண்ணே, எதை விடணும்னு எனக்கும் சொல்லிட்டுப் போங்க." சொன்னேன். அவனும் முப்பத்தொன்பதில் வந்து சேர்ந்தான்.

பதினோரு வருடம் தலையாட்டிக் கேட்ட எத்தனை ஹிந்தி வார்த்தைகளைப் பாதி மட்டும் புரிந்துகொண்டிருந்தேன் என்று இப்போதும் யோசிக்கிறேன். இப்போதெல்லாம் புரியாவிட்டால் 'எதை?' என்று கேட்டுவிடுகிறேன்.

அன்று மதியம் கேம்ப் ஆபீஸில் இரண்டு வருடக் கான்ட்ராக்டை நீட்டினார்கள். வலது கை விரல்கள் பேனாவைச் சுற்றி மடங்கவில்லை. இடது கட்டைவிரலை மையில் ஒற்றி, ரேகை வைத்தேன்.