செல்போன் எடுக்காத வரி

எங்கள் நாடகக் குழுவில் ஒரு வழக்கம். எழுதியதை முதலில் துறைமுக வாசலில் வரிசையில் காத்துக் கிடக்கும் லாரி டிரைவர்களிடம் வாசிக்க வேண்டும். எந்த வரியில் அவர்கள் செல்போனை எடுக்கிறார்களோ, அந்த வரியை அடித்துவிட வேண்டும்.

சங்கு குளிக்கப் போய்ச் செத்த என் அண்ணனைப் பற்றி எழுதிக்கொண்டு போனேன். பிணம் கரைக்கு வந்த இடத்தில் நாலு பேர் செல்போனை எடுத்தார்கள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அண்ணன் பிணத்தைவிட அப்படி என்ன வாட்ஸ்அப்? ஆனாலும் அடித்தேன். கடலுக்குப் போகும் காலைகளில் அவன் பயந்துபோய் மதினியின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுவான். அந்த இடத்தில் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதையே நாடகம் முழுக்க நீட்டினேன்.

மேடையேறிய அன்று ஊரே சிரித்தது. முன்வரிசையில் இருந்த மதினி, முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தாள்.

“அவுக அழுதத ஒங்ககிட்ட மட்டுந்தான தம்பி சொன்னேன்?”

என் கை பேனாவைத் தேடியது.

அடுத்த ஊரில் நாடகம் அந்தக் கேள்வியோடுதான் முடிந்தது. ஒருவர்கூடச் செல்போனை எடுக்கவில்லை.