பசையில்லாத தபால்தலைகள்

1991 நவம்பர் 21, வியாழக்கிழமை, மாலை நாலு பத்து. காலையிலிருந்து விடாத தூறல். ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் எதிர்க்கடையின் பலகை தெரியாத அளவுக்குப் பனி மூடியிருந்தது. காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்த நான் கூலிப் பட்டியலை முடித்துக் கொடுத்துவிட்டு மளிகைக் கடையில் ஒதுங்கி நின்றேன். அப்போதுதான் தோல்பையோடு ஓர் ஆள் உள்ளே நுழைந்தான்.

பைக்குள் ஒரு ரூபாய் தபால்தலைகள். நூறு எடுத்தால் நாற்பது ரூபாய் என்றான். சேலத்தில் மூடிப்போன ஒரு கம்பெனியின் சரக்காம். கிடங்கில் ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தார்களாம். பசை மட்டும் போய்விட்டதாம்.

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். ஏற்காட்டில் அப்படிச் சிரிக்க முடியாது. மழைக்காலத்தில் அலமாரியில் வைத்த தபால்தலை நாலே நாளில் அடுக்கோடு ஒட்டிக்கொள்ளும். அதைக் கிண்ணத்து நீரில் போட்டுப் பிரித்து, செய்தித்தாளில் உலர்த்தி, சோற்றுப் பருக்கை தேய்த்துக் கடிதத்தில் ஒட்டுவது இங்கே எல்லா வீட்டிலும் வழக்கம். பசையில்லாத தபால்தலை எங்களுக்கு விநோதமான பொருள் அல்ல.

கடைக்கார பாய்தான் தராசை வைத்துவிட்டுக் கேட்டார். "ஏனுங்க ரைட்டரே, சர்க்கார் சாமானைப் பாதிக்கும் கொறச்சலா எவனாச்சும் குடுப்பானுங்களா? நாளைக்கு ரூபா நோட்டையே எட்டணாவுக்குக் கொண்டாருவான், அதையும் வாங்கிப் போடுங்க."

"ஈரத்துல ஒட்டுனதுதானுங்க பாய். எங்க ஊட்டுலயும் இப்படித்தான் கெடக்குது."

"உங்க ஊட்டுல கெடக்கறது நீங்க முழுக்காசு குடுத்து வாங்குனதுங்க."

நூறையும் இரண்டு தரம் எண்ணிச் சரிபார்த்து வாங்கினேன். பம்பாயில் வாழ்க்கைப்பட்டிருந்த எங்கள் ஒரே மகளுக்கு வாரம் ஒரு கடிதம் எழுதுவேன். கிட்டத்தட்ட இரண்டு வருஷத்துக்கு வரும் என்று கணக்குப் போட்டேன். அறுபது ரூபாய் மிச்சம். அந்த ஆளிடம் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டால் வாங்க முடியாமல் போகுமே என்று கேட்கவில்லை.

ஒன்பது கடிதங்கள் போயின. மகளிடமிருந்து வழக்கம்போலப் பதில் வந்துகொண்டிருந்தது.

ஜனவரி கடைசியில் என் மனைவி படுக்கையில் விழுந்தாள். நெஞ்சுச் சளி என்று மருந்து கொடுத்த டாக்டர், இருதயம் பலவீனமாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அவளுக்கு மருந்து ஒரு பொருட்டாகவே இல்லை. மகளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஏனுங்க, ஒரு தந்தி குடுத்துருங்களேன்."

"வாசல்ல தந்திக்காரனப் பாத்ததுமே புள்ள அழுது பொரண்டுரும். உனக்கு என்ன ஆயிப்போச்சுன்னு தந்தி?"

அது பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் தந்தி என்றால் சாவுச் செய்திதான். 27ஆம் தேதி திங்கட்கிழமை, நாலே வரி எழுதி உறையை ஒட்டினேன். கட்டின் மேலாக இருந்த தபால்தலையை எடுத்தபோது அதன் ஓரத்தில் மெல்லிய கறுப்பு வளைவு ஒன்று தெரிந்தது. பூஞ்சை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்று எழுதுவதுதான் சரி, தெரியாமல் இல்லை. வாழ்நாளெல்லாம் முத்திரை குத்திய உறைகளைப் பிரித்தவன் நான்.

"கடுதாசி போக நாலு நாள், புள்ள வர ரெண்டு நாள். ஞாயித்துக்கெழம வந்துரும்," என்றேன்.

ஞாயிறு வந்தது. சேலத்துப் பஸ் ஒவ்வொன்றும் திரும்புகிற சத்தத்துக்கு அவள் தலையைத் தூக்கினாள். அன்றைக்கு ஆறு தடவை. திங்கட்கிழமை நான்கு. செவ்வாயன்று தூக்க முடியவில்லை, கண்ணை மட்டும் வாசல் பக்கம் திருப்பினாள். எனக்கு மகள்மேல் ஆத்திரமாக வந்தது. பெற்றவள் கிடக்கிறாள், ஒரு வரி பதில்கூட இல்லையே என்று வாய்விட்டே திட்டினேன்.

"மாமியா அனுப்ப உடலியோ என்னமோ. வந்தா திட்டிப்போடாதீங்க," என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. புதன்கிழமை, பிப்ரவரி 5, விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு மூச்சு நின்றது.

அப்புறம்தான் தந்தி அடித்தேன். வியாழன் மதியத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது என்று உறவினர்கள் எடுத்துவிட்டார்கள். மகள் வந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். என் மனைவி கேட்டுக்கொண்டதை நான் காப்பாற்றவில்லை. பையை இறக்கக்கூட விடாமல், "இப்பத்தான் நேரம் கெடச்சுதா?" என்றேன்.

"ஒரு வரி எழுதியிருந்தா ஓடி வந்திருக்க மாட்டனாங்கப்பா?"

"எழுதுனேன் கண்ணு. திங்கக்கெழமயே போட்டேன்."

"அம்மா செத்த ஊட்டுல பொய் சொல்லாதீங்கப்பா."

மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. பிப்ரவரி 10ஆம் தேதி தபால்காரர் வந்தார். அவர் கையில் என் கையெழுத்தில் என் உறை. வாங்க மறுத்துவிட்டார்கள் என்று எழுதித் திருப்பியிருந்தார்கள்.

"அனுப்புனவங்க கட்டோணுங்க, ரெண்டு ரூபாய். ஸ்டாம்பு ஏற்கெனவே ஒருதடவ ஓடுனதுங்க. முத்திரையக் கழுவிட்டு ஒட்டியிருக்குது. செல்லாத ஸ்டாம்புக்கு ரெண்டு மடங்குங்க."

நான் சட்டைப்பையைத் தேடுவதற்குள் மகள் தன் பர்ஸிலிருந்து கொடுத்துவிட்டாள். உறையைக் கிழித்து அந்த நாலு வரியைப் படித்தாள். 'அம்மா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். கடிதம் கண்டதும் புறப்படு' என்ற இடத்தில் அவள் விரல் வெகுநேரம் நின்றது.

"முன்னாடி வந்ததுல ரெண்டு லெட்டருக்கு ரெண்டு ரெண்டு ரூபா நான் கட்டுனனுங்கப்பா. சொன்னா சங்கடப்படுவீங்கன்னு எழுதல. 'காப்பிக்கொட்டைக் கணக்கு எழுதற கடுதாசிக்கு நாம தண்டம் அழணுமா, இனி வந்தா திருப்பிடுவேன்'னு அத்தை அப்பவே சொன்னாங்க. இது வந்தப்ப நான் வெளிய போயிருந்திருப்பேன்."

அழுதிருந்தால் தேவலை. அழவில்லை. கடிதத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். வியாழக்கிழமை பஸ் ஏறியபோது, எப்போதும் சொல்வதுபோல "லெட்டர் போடுங்கப்பா" என்று சொல்லவில்லை. அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு கடிதம் அவளிடமிருந்து வந்தது. நலம், நலமறிய ஆவல். அவ்வளவே.

மிச்சமிருந்த தொண்ணூறு தபால்தலைகளை, அவள் பஸ் ஏறிய அன்று மாலையே அடுப்பில் போட்டேன். வாங்கியது நாற்பது ரூபாய். மகள் அங்கே கட்டியது நான்கு. இங்கே என் வாசலில் கட்டியது இரண்டு. திருப்பிக் கொடுத்தபோது அந்த ஆறையும் அவள் வாங்கிக்கொள்ளவில்லை. ஆக மொத்தம் நாற்பத்தாறு ரூபாய்.