ஞாயிற்றுக்கிழமைப் பூச்சியங்கள்

கலாநிதிப் பட்டத்துக்கு ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு என்னிடம் நாலைந்து காரணங்கள் எப்போதும் தயாராக இருந்தன. பருத்தித்துறையில் இருக்கிற பாடசாலைக்கு பஸ்ஸில் போய்வரவே நாள் சரியாகிவிடுகிறது. மகள் சின்னவள். என் ஆங்கிலம் போதாது. நாற்பதை நெருங்குகிறவளுக்கு இனி என்ன படிப்பு. கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லையே என்று எனக்கு உள்ளூரக் கோபம் வேறு. அவ்வளவு சுலபமாகவா நம்பிவிடுவது?

உண்மையான காரணம் என் மடிக்கணினியில் ஒரு கோப்புக்குள் கிடந்தது. நாலு வருடமாக நான் அதைத் திறக்கவில்லை.

முதுமாணிப் பட்டத்துக்காக நான் செய்த ஆய்வு நண்டைப் பற்றியது. யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் எந்தக் கரையில் எவ்வளவு நண்டு பிடிபடுகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது. குருநகரில் பத்துப் படகு, அரியாலையில் பத்துப் படகு. படகுக்கு ஒரு கொப்பி கொடுத்தேன். அன்றன்று பிடித்த நண்டின் நிறையை அவர்களே அதில் எழுத வேண்டும். நான் குருநகர்க்காரி. முன்பு அப்பா கடலுக்குப் போனார், இப்போது அண்ணை போகிறார். ஆகவே குருநகர்க் கொப்பிகள் தாமாகவே வீடு தேடி வந்தன, தாளுக்குத் தாள் மீன் செதிலோடு. அரியாலைக் கொப்பிகளுக்காகத்தான் ஸ்கூட்டரில் அலைந்தேன். கடைசியில், குருநகர்ப் பக்கம் நண்டு குறைந்துவிட்டது, அரியாலையில் அவ்வளவு மோசமில்லை என்று எழுதினேன். ஆய்வேடு பாராட்டோடு தேறியது.

அடுத்த வருடமே கலாநிதிப் பட்டத்துக்கான விண்ணப்பப் படிவத்தை எடுத்துவந்தேன். எழுதத் தொடங்குமுன் பழைய தரவுகளை ஒருமுறை பார்ப்போம் என்று கோப்பைத் திறந்தபோதுதான் கண்ணில் பட்டது. குருநகர் நிரல்களில் ஏழு நாளுக்கு ஒரு பூச்சியம்.

எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போவதில்லை. தேவாலயத்தில் பூசை காண்போம், இறைச்சிக் கறி காய்ச்சுவோம், ஆண்கள் வெள்ளைச் சட்டையோடு பின்னேரம் வரைக்கும் திரிவார்கள். கொப்பிகளில் ஞாயிறு வெறுமையாகத்தான் இருந்தது. கணினியில் ஏற்றும்போது அந்த வெற்று இடங்களிலெல்லாம் நானே பூச்சியம் அடித்திருக்கிறேன். யோசித்துச் செய்ததல்ல. ஞாயிற்றுக்கிழமை நண்டு இல்லை என்பது எனக்கு யாரையும் கேட்டுத் தெரிய வேண்டிய விஷயமா? அரியாலையில் நான் எடுத்த படகுகள் ஞாயிறும் போகிறவை. அவர்கள் எப்போதாவது எழுதாமல் விட்ட நாட்களை, என்ன காரணமோ என்று வெறுமையாகவே விட்டிருந்தேன். வெற்று இடத்தைக் கணினி சராசரியில் சேர்க்காது, பூச்சியத்தைச் சேர்க்கும். எங்கள் ஆட்கள் கடலுக்கே போகாத நாளெல்லாம், போய் வெறுங்கையோடு திரும்பிய நாளாகிவிட்டது.

திருத்திப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கரைக்கும் இடையில் வேறுபாடு என்று சொல்ல ஒன்றுமே மிஞ்சவில்லை. கோப்பை மூடினேன். படிவத்தைக் கிழிக்க மனம் வராமல் மகளின் பழைய கொப்பிகளுக்கு அடியில் வைத்தேன்.

பிழை விட்டால் வெட்டிப்போட்டுத் திரும்ப எழுது என்று வகுப்பில் தினமும் சொல்கிறவள் நான். என் பிழையை மட்டும் வெட்ட எனக்குக் கை வரவில்லை. ஒரு பூச்சியத்தையும் ஒரு வெற்று இடத்தையும் பிரித்தறியத் தெரியாதவளுக்குக் கலாநிதிப் பட்டம் ஒரு கேடா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். பல்கலைக்கழக வாசலைக் கடக்கும்போது பஸ்ஸில் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பேன். பிழை விட்டது ஒரு நாள். அதை மறைத்து வைத்திருப்பதற்குத்தான் நாலு வருடம் உழைத்தேன்.

போன வருடம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து அண்ணை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். முகத்தில் ஒரே பெருமிதம்.

“பிள்ளை, நேற்றுக் கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்திலை உன்ரை புத்தகத்திலை இருந்து வாசிச்சவை.”

“எதை வாசிச்சவை?”

“எங்கடை பக்கம் நண்டு குறைஞ்சு போச்சுதாம், அரியாலைப் பக்கம் பரவாயில்லையாம், ஆராய்ச்சி அப்பிடித்தான் சொல்லுதாம். உடனை நான் எழும்பி, அது என்ரை தங்கச்சி எழுதினது எண்டு சொன்னனான்.”

“பிறகு?”

“பிறகென்ன. நாங்கள் வலையைக் குறைக்கிறதெண்டு கதைச்சிருக்கிறம். வாற மாசம் முடிவு. சில பேர் கத்தினவைதான். அவள் எழுதினா சரியாத்தான் இருக்கும் எண்டு நான்தான் அடக்கினனான்.”

கையில் இருந்த கறி அகப்பையைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு உட்கார்ந்தேன். அதுவரைக்கும் அந்தப் பிழை எனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன். இப்போது அது கடற்கரைக்குப் போய் அண்ணையின் வலையில் கை வைத்துவிட்டது. கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் கீறி, எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னேன்.

அண்ணை கட்டங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புரைக்கேறும்வரை சிரித்தார். “எடியே, ஆண்டவர் ஓய்வெடுத்த நாளுக்கு முட்டை போட்டிட்டியே!”

“சிரியாதை அண்ணை.”

“சரி, அப்ப எங்கடை பக்கம் நண்டு குறையேல்லையோ?”

“தெரியாது. ரெண்டு பக்கமும் குறைஞ்சிருக்கலாம். குறையாமலும் இருக்கலாம். ஒழுங்காப் பாத்தால்தான் சொல்லலாம்.”

“அப்ப ஆர் பாக்கிறது?”

யாராவது பதில் சொல்லுவார்கள் என்பது போல நான் கறிச்சட்டியைப் பார்த்தேன். அந்தக் குசினியில் எங்கள் இரண்டு பேரையும் தவிர ஒருவரும் இல்லை.

“நீ திருத்தித் தா,” என்றார் அண்ணை. “நான் அடுத்த கூட்டத்திலை எழும்பிச் சொல்லுறன்.”

“உங்களுக்கு வெக்கமாய் இருக்காதோ?”

“வெக்கம்தான். அதுக்கு?” என்று சொல்லிவிட்டு அவர் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

திங்கட்கிழமை பாடசாலை விட்டதும் நேரே என் ஆய்வை மேற்பார்வை செய்த விரிவுரையாளரிடம் போனேன். பல்கலைக்கழகத்தில் எனக்கு இரண்டு வருடம் முன்னால் படித்தவர். வெளியில் கண்டால் அக்கா, அலுவலகத்துக்குள் மிஸ். வழியெல்லாம் மனப்பாடம் செய்த வசனங்கள் எதுவும் வாயில் வரவில்லை. மடிக்கணினியைத் திறந்து அவர் பக்கம் திருப்பி, பூச்சியங்களைக் காட்டினேன்.

அவருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் முகம் சிவந்தது.

“நீர் ஏன் அப்பவே எனக்குச் சொல்லேல்லை?”

“பயம், மிஸ்.”

“நாலு வருஷமாப் பயமோ?” உண்மையான கோபம். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு வேறு குரலில் சொன்னார்: “நானும்தானே ஒப்பம் வச்சனான். எங்கடை வீட்டிலை ஞாயிற்றுக்கிழமையும் வெங்காயத்துக்குத் தண்ணி இறைப்பம். எங்களுக்கு அதுவும் ஒரு நாள்தான். ஏழு நாளுக்கு ஒரு பூச்சியம் வருதே, ஏனெண்டு எனக்குக் கேக்கத் தோணேல்லை. பரீட்சகர் ரெண்டு பேருக்கும் தோணேல்லை.”

எனக்கு அழுகை வருமோ சிரிப்பு வருமோ என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது கூடிப்போய், அவருக்குத் தெரியாமல் போய், நடுவில் எங்கள் நண்டு காணாமல் போயிருந்தது.

“திருத்தம் ஒண்டு எழுதுவம். ரெண்டு பேரும் ஒப்பம் வைப்பம்,” என்றார். “கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கு.”

“அதிலை என்ன எழுதிறது, மிஸ்?”

“நடந்ததை எழுதும்.”

வெளியே வந்ததும் எனக்கு அகோரப் பசி. காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் நினைவு வந்தது. சந்திக் கடையில் இரண்டு ரோல்ஸ் வாங்கி, ஒரு ஆசிரியை நடுத்தெருவில் நின்று சாப்பிடுகிறாளே என்று பார்ப்பவர்கள் பார்க்கட்டும் என்று நின்றபடியே சாப்பிட்டேன். அப்படி ஒரு நிம்மதி. திட்டு வாங்கியதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கொப்பிகளுக்கு அடியில் கிடந்த படிவம் பழையதாகிவிட்டது. புதியது எடுத்தேன். ஆய்வு முன்மொழிவின் முதற்பக்கத்திலேயே என் பிழையை எழுதி, இரண்டு கரையையும் இனி எப்படிப் பார்க்க வேண்டும் என்று அதிலிருந்தே தொடங்கினேன். அண்ணையும் சொன்னபடி அடுத்த கூட்டத்தில் எழும்பினார். “சொல்லிப்போட்டன். சிரிச்சாங்கள்,” என்றார். வலையைப் பற்றிய முடிவைத் தள்ளிவைத்துவிட்டார்களாம்.

நேர்முகத் தேர்வில் மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவர் என் முதற்பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்: “இதை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் எங்களுக்குத் தெரிய வந்திராது. ஏன் எழுதினீங்கள்?”

பாடமாக்கி வைத்திருந்த ஆங்கிலம் முழுவதும் ஓடி ஒளித்துக்கொண்டது. “என்ரை அண்ணை அதை நம்பி வலையைக் குறைக்கப் பாத்தவர், சேர்,” என்று தமிழிலேயே சொன்னேன்.

அவர் தலையசைத்து எதையோ குறித்துக்கொண்டார். அடுத்த கேள்விகளுக்கு ஆங்கிலம் திரும்பி வந்துவிட்டது, முழுதாக இல்லாவிட்டாலும் தேவையான அளவுக்கு.

அனுமதி கிடைத்த மின்னஞ்சலை ஆசிரியர் அறையில் இருந்து வாசித்தேன். வாசித்ததும் விம்மி அழுதேன். பக்கத்தில் இருந்த ஆசிரியை செத்தவீட்டுச் செய்தி என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க ஓடிவிட்டார்.

திங்கட்கிழமை பதிவு. அதற்கு முந்தின நாள் பூசை முடிந்து, புதுக் கொப்பிகளோடு கரைக்குப் போனேன். படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. அண்ணை வெள்ளைச் சட்டையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“இண்டைக்கு என்ன போடப்போறாய்?”

இந்த முறை கொப்பியில் ஒரு நிரல் கூடுதலாக இருந்தது. அதில் அன்றைய தேதிக்கு நேரே, ‘தொழிலுக்குப் போகவில்லை’ என்று எழுதினேன். அண்ணை எழுத்துக்கூட்டி வாசித்து, “ஓம், இது சரி,” என்றார்.

அந்த நாலு வருடத்துக்கும் எனக்கு நானே வரிசையாகப் பூச்சியம் போட்டு வைத்திருந்தேன். அவற்றையும் அந்த இடத்திலேயே மனதால் வெட்டிவிட்டு, இதே இரண்டு சொல்லை எழுதினேன்.

“நாளைக்கு?” என்று கேட்டார் அண்ணை.

“நாளைக்குப் போறன்,” என்றேன்.