லெட்சுமி பிடித்த தேத்தண்ணித் தட்டு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அப்புத்தளைக்கு மேலே இருக்கிற இந்தப் பழைய துரை பங்களாவில் இருபத்திரண்டு வருஷமாகச் சமைக்கிறேன். புவனேந்திரன் என்றால் ஹல்துமுல்லை வரைக்கும் தெரியும், எதற்காகத் தெரியும் என்று கேட்காதீர்கள். விஜயலெட்சுமியைக் கல்நெஞ்சுக்காரி என்று யாராவது என் காதுபடச் சொன்னால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்குப் போவேன். புருஷன் செத்த சேதி வந்த அன்று அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, தோட்டத்து லயத்து வீடுகளில் அவள்மேல் சொல்கிற குறை அதுதான். அன்றைக்கு வந்தது இரண்டாம் முறை வந்த சேதி என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்? இப்போது அவளே மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இனி நான் வாயைப் பொத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை.

லெட்சுமி பயந்த சுபாவம் உள்ளவள் இல்லை. இருபது வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்தவள். குளவி கொட்டி முகம் வீங்கிப்போய் மூன்றாம் நாளே காலைப் பெரட்டில் வரிசையில் நின்று பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறினவள். முழங்கால் தேய்ந்த பிறகுதான் பங்களா வேலைக்கு வந்தாள். பங்களா இப்போது வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள் தங்குகிற இடம். கட்டில் விரிப்பு மாற்றுவது, துணி தேய்ப்பது, சாமான் துலக்குவது அவள் பொறுப்பு. அவள் வீட்டுக்காரன் மாரிசாமி புத்தளம் பக்கம் கட்டட வேலைக்குப் போய் ஏழு வருஷம். தீபாவளிக்கு ஒரு போன், பொங்கலுக்கு ஒரு போன், அவ்வளவுதான் அவர்கள் குடித்தனம்.

போன வருஷம் பொங்கலுக்கு அந்தப் போன் வரவில்லை. அடுத்த வாரம் பங்களாப் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். மாரிசாமி வேலை பார்த்த இடத்து பாஸ், சிங்களத்தில் பேசினார். காய்ச்சல் கண்டு நாலு நாளைக்கு முன்னால் செத்துப்போய்விட்டானாம், ஊர் எது என்று தெரியாமல் அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்களாம். அவன் பையைத் துழாவியபோதுதான் இந்த நம்பர் கிடைத்ததாம். லெட்சுமி பக்கத்து அறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து, கடைசியில் பட்டென்று போட்டு உடைத்துவிட்டேன். விரிப்பு கருகுகிற வாசனை வந்த பிறகுதான் அவள் கையிலிருந்த ஸ்திரிக்கைப் பெட்டியை நான் பிடுங்கினேன்.

"அண்ணே, இது யாருக்கும் தெரிய வேணாம்," என்றாள். அழவில்லை.

காரணம் அவள் மகள் விதுஷா. பசறையில் மாப்பிள்ளை பார்த்து, வைகாசியில் கல்யாணம் என்று வெற்றிலை மாற்றியாகிவிட்டது. மாப்பிள்ளையின் தாய் சகுனம் பார்ப்பதில் கெட்டி. பெண்ணின் தகப்பன் செத்தால் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போகும், அந்த ஒரு வருஷத்தில் அந்த அம்மா ராசியில்லாத பெண் என்று சொல்லிக் கையைக் கழுவிவிடுவாள். நடந்தாலும் தாலியில்லாத தாய் மணவறைப் பக்கம் போக முடியாது, மூலையில்தான் நிற்க வேண்டும். "எம்புள்ள கழுத்துல தாலி ஏறட்டும். அப்புறம் என் கழுத்துல உள்ளத நானே கழட்டுறேன்," என்றாள். நான் திட்டினேன். இது பாவம் புள்ள, சாமி குத்தம் என்றெல்லாம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டதும் சரி என்று தலையாட்டிவிட்டேன். பதினாறாம் நாள் நான் சமைக்கிற குசினிக்குப் பின்னால் குழாயடியில் மாரிசாமிக்கென்று ஒரு தகரக் கோப்பை நிறைய வெறும் தேத்தண்ணி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேலைக்குப் போனாள். நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது.

சித்திரை பிறந்து பத்து நாளில் பங்களாவில் இன்னொரு கல்யாணம் வந்தது.

பெண் எல்லி, இங்கிலாந்துக்காரி. மாப்பிள்ளை வெய், மலேசியாவில் ஈப்போவைச் சேர்ந்த சீனப் பையன். இரண்டு பேரும் பதுளை ரயிலில்தான் முதன்முதலில் பழகினார்களாம், அதனால் கல்யாணமும் இந்த மலையில்தானாம். பெண்ணின் தாய் ஜேன் அம்மாவுக்கு வசந்த காலத்தில், நாட்டுப்புறத்தில், புல்தரையில் கல்யாணம் நடக்க வேண்டும். மாப்பிள்ளையின் தாய் சியூ அம்மாவுக்கு எல்லாம் சிவப்பாக இருக்க வேண்டும். ஒருத்தி வெள்ளைப் பூவைக் கொண்டுவந்து வைப்பாள். வெள்ளை சாவு வீட்டு நிறமாச்சே என்று மற்றவள் எடுத்துவிட்டுச் சிவப்புத் தாளை ஒட்டுவாள். நடுவில் நான், இவர்களுக்கு மூன்றடுக்கு கேக், அவர்களுக்குத் தலையும் வாலும் உடையாத முழு மீன். தேயிலை மலை உச்சியில் உட்கார்ந்துகொண்டு ஈப்போவிலிருந்து டின்னில் தேயிலை கொண்டுவந்திருந்தார்கள், அதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல வேண்டாம். கடைசியில் பெரியவர்கள் சமாதானமாகப் பிரித்துக்கொண்டார்கள். காலையில் வெள்ளை கவுன் போட்டுப் புல்தரையில் மோதிரம் மாற்றுவது, பகலுக்குப் பிறகு சிவப்பு உடை போட்டு உள்ளே பெரியவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக் கும்பிடுவது.

சியூ அம்மாவுக்குத் தமிழ் தெரியும். அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்துப் பக்கத்தில் கடை வைத்திருந்தாராம், சின்ன வயதில் தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடிக் கற்ற தமிழ். கல்யாணத்துக்கு முதல் நாள் குசினிக்கு வந்தார். அங்கே நானும் லெட்சுமியும், சாமான் கழுவ வந்த லயத்துப் பெண்கள் இரண்டு பேரும் இருந்தோம். சியூ அம்மா லெட்சுமியின் கழுத்தைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார்.

"தாலி இருக்கு, பொட்டு இருக்கு. புருஷன் உயிரோட இருக்கு. பிள்ளை இருக்கா?"

"ஒரு பொம்பளப் புள்ளைங்க," என்றாள் லெட்சுமி.

"நல்லது. நாளைக்கு நீதான் தேத்தண்ணித் தட்டு பிடிக்கணும். எங்க வழக்கம், புருஷன் பிள்ளை எல்லாம் நல்லா உள்ள பொம்பளைதான் பிடிக்கும். அப்போதான் பொண்ணுக்கு அதே மாதிரி வாழ்க்கை வரும்."

மலேசியாவில் பிறந்த சீனத்தி தமிழ்ப் பெண்ணின் கழுத்தைச் சரியாகத்தான் படித்தாள். கழுத்துதான் பொய் சொன்னது.

லயத்துப் பெண்கள் சிரித்துக்கொண்டே லெட்சுமியைத் தோளில் இடித்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். 

சாயந்தரம் விறகுக் கொட்டிலுக்குப் பின்னால் நின்று குசுகுசுவென்று பேசினோம். மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேள்வி வரும். கழுவ வந்தவர்களில் ஒருத்தி விதுஷாவின் மாப்பிள்ளை வீட்டுக்குத் தூரத்து உறவு, விஷயம் அன்றைக்கே பசறைக்குப் போய்விடும். தட்டைப் பிடித்தாலோ?

"எனக்கு நடக்குறது நடக்கட்டும்ணே. அந்த வெள்ளக்காரப் புள்ளைக்கு ஏதாவது ஆனா? அதுவும் ஒருத்தி பெத்த புள்ளதானே. எம்மகளுக்காக இன்னொருத்தி மக தலையில நான் மண்ண அள்ளிப் போடலாமா?" என்றாள். 

கால் சுளுக்கு என்று சொல்லிவிடு என்று நான்தான் யோசனை சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். காலையில் அவள் நொண்டிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் சியூ அம்மா தன் அறைக்கு ஓடிப்போய் ஒரு தைலப் போத்தல் எடுத்துவந்தார். லெட்சுமியை முக்காலியில் உட்காரவைத்து, தான் தரையில் உட்கார்ந்து, அவள் காலை மடியில் வைத்துக்கொண்டு தேய்த்தார். மகன் கல்யாண நாளில், பட்டுச் சட்டையோடு. "நீ எங்க வீட்டுக்கு நல்லது செய்யப்போறே," என்று சொல்லிச் சொல்லித் தேய்த்தார். லெட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு எப்படி நொண்டுவது?

புல்தரைக் கல்யாணத்தைக் குசினி ஜன்னல் வழியாகப் பார்த்தோம். ஊதாப்பூ மரத்தடியில் நாற்காலிகள். ஜேன் அம்மா மகளைக் கைகோத்து நடத்திக்கொண்டு வந்தார்.

"அப்பா வரலியா?" என்று கேட்டாள் லெட்சுமி.

"செத்து அஞ்சு வருஷமாம்."

"அப்ப இவங்க..."

"அவங்க வழக்கத்துல அதெல்லாம் பாக்குறதில்ல."

லெட்சுமி அந்தத் தாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். புருஷனை இழந்தவள், மகள் கையைப் பிடித்து எல்லோருக்கும் முன்னால் நடக்கிறாள், யாரும் முகம் சுளிக்கவில்லை. ஜேன் அம்மா வழக்கத்துக்கு அது ஆகும், சியூ அம்மா வழக்கத்துக்கு ஆகாது, இரண்டும் ஒரே கல்யாணத்தில். என் கோபம் அன்றைக்கு யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை. விதுஷாவின் மாமியாராக வரப்போகிற அந்தப் பசறைக்காரியின்மேல் இருக்கலாம்.

பகலுக்குப் பிறகு மூடுபனி ஏறி வந்து ஜன்னலை மறைத்துவிட்டது. பெரிய அறையில் விளக்குப் போட்டார்கள். துரைமார் காலத்துக் கணப்படுப்புக்கு மேலே சிவப்புத் தாள், முன்னால் பெரியவர்களுக்கு நாற்காலிகள். தட்டிலும் சிவப்புத் தாள் விரித்து, மூடி போட்ட சின்னக் கோப்பைகள், உள்ளே தேத்தண்ணியில் தாமரை விதையும் சிவப்புப் பேரீச்சையும். நான் கெண்டியோடு லெட்சுமிக்குப் பின்னால் நின்றேன். கோப்பை மூடிகள் கிணுகிணுவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது. கீழே போட்டுவிட்டால் அதுவே அபசகுனம். 

எல்லி சிவப்பு உடையில் முட்டி போட்டாள். இரண்டு கையாலும் கோப்பையை எடுத்து சியூ அம்மாவுக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் கொடுத்தாள், பிறகு தன் தாய்க்கு. எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்று மூச்சு விட்டேன். அப்போது சியூ அம்மா லெட்சுமி பக்கம் திரும்பினார்.

"இப்போ நீ வாழ்த்தணும். உங்க பாஷையில சொல்லு."

 கழுவ வந்த பெண்கள் வாசல் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நல்லாருங்கம்மா," என்றாள் ஒருவழியாக.

"அது போதாது. புருஷனுக்கு நீண்ட ஆயுசு, அதைச் சொல்லு."

எல்லி அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தேத்தண்ணி தளும்பித் தட்டில் கொட்டியது, சிவப்புத் தாளின் சாயம் லெட்சுமியின் விரல்களில் இறங்கியது.

"ஒம்புருஷன் நூறு வருஷம் இருக்கணும் தாயி," என்றாள்.  சியூ அம்மா கை தட்டினார். காசு வைத்த இரண்டு சிவப்பு உறை கொடுத்தார், ஒன்று அவளுக்கு, ஒன்று அவள் புருஷனுக்கு.

விரலில் ஏறிய சாயத்தை அவள் சோப்பு, சாம்பல், எலுமிச்சை எல்லாம் போட்டுத் தேய்த்தாள். இரண்டு நாள் போகவில்லை. உறைகளை இன்றுவரை பிரிக்கவில்லை.

வைகாசியில் விதுஷா கல்யாணம் நடந்தது. லெட்சுமி பட்டுச் சேலை கட்டி மணவறையில் நின்றாள். தகப்பனுக்கு லீவு கிடைக்கவில்லை என்றார்கள், அவளுடைய தம்பியும் அவன் பெண்சாதியும் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். ஆனி பிறந்ததும் ஒரு காலை, லயத்துப் பெண்கள் குசினியில் இருக்கிற நேரம் பார்த்து, நான் மறுமுனையில் யாரும் இல்லாத போனைக் காதில் வைத்துக்கொண்டு, மாரிசாமி செத்த சேதி அப்போதுதான் வந்ததுபோலச் சிங்களத்தில் பேசினேன். பிறகு லெட்சுமியைக் கூப்பிட்டேன். எல்லோரும் மாரடித்து அழுதார்கள். அவள் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுதால் அந்த அழுகை எல்லிமேல் போய் விழுமோ என்று பயமாம், பிறகு என்னிடம் சொன்னாள்.

எல்லி சம்பல் செய்கிற முறை கேட்டு என் நம்பரை வாங்கிப் போயிருந்தாள். எப்போதாவது படம் அனுப்புவாள். ஒவ்வொரு வாரமும் லெட்சுமி கேட்பாள், "அந்தப் புள்ள நல்லாருக்காண்ணே? மாப்ள?" சேர்ந்து நிற்கிற படம் வந்தால் அன்றைக்குச் சோறு இறங்கும். இரண்டு மாதம் படம் வராமல் போனபோது அவள் பாதியாக இளைத்துவிட்டாள்.

இந்தச் சித்திரையில் ஒரு படம் வந்தது. எல்லி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் பிறந்த குழந்தை. நான் சந்தோஷமாக நீட்டினேன்.

"மாப்ள எங்க?" என்றாள்.

"அவருதான் படம் எடுத்திருப்பாரு."

"எப்புடித் தெரியும்?"

 யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம்.  படத்தைப் பெரிசாக்கு, பெரிசாக்கு என்றாள். இழுத்து இழுத்துப் பார்த்தோம். எல்லிக்குப் பின்னால் ஒரு ஜன்னல் கண்ணாடி, அதில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் நிற்கிறான். வெய். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு, சட்டைத் தோளில் குழந்தைத் துணியோடு.

லெட்சுமி விரலால் அந்த உருவத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு குசினித் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். "என் ராசா, தனியாப் போயிட்டியே, காய்ச்சல்ல ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்லாமப் போயிட்டியே," என்று தலையில் அடித்துக்கொண்டு மாரிசாமிக்காக அழ ஆரம்பித்தாள். அவன் செத்து ஒரு வருஷமும் மூன்று மாதமும் ஆகியிருந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு, விதுஷாவுக்குப் போன் போட்டு வரச் சொன்னேன்.