கோயிலடியிலிருந்தும் பள்ளியடியிலிருந்தும்

ஸ்பீக்கர்போனுக்குள் காற்று இரையும் சத்தம்... அதுதான் முதலில் கேட்டது. எங்கள் ஊர்க் கடற்காற்று. கனடாவில், வெக்ஸ்போர்ட்டில், எங்கள் ஏழாம் மாடி அப்பார்ட்மென்ட்டின் குசினி மேசையில், புட்டுக்கும் கோப்பிக்கும் நடுவிலிருந்து இரைந்தது.

சண்டை முடிந்து, பாதை திறந்து, சனம் திரும்பிப் போகத் தொடங்கிய காலம்.

மன்னாருக்குத் தெற்கே கடலோரம் எங்கள் ஊர். சின்ன ஊர், ஆனால் பழைய ஊர். ஒரு காலத்தில் முத்துக்குளிப்புக்கு உலகமே வந்து இறங்கிய கரை. அரேபியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள் கொட்டில் போட்டு இருந்து முத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். எங்களுக்கு மிஞ்சியது சிப்பி. எங்கே தோண்டினாலும் சிப்பி.

எனக்குத் தெரிய ஊரில் ஒருத்தரும் முத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் பேச்சைக் கேட்டால் எல்லார் வீட்டுப் பெட்டகத்திலும் மூட்டை கட்டி வைத்திருப்பது மாதிரித்தான் இருக்கும். வாய்ப்பேச்சால் வாழ்ந்த ஊர் என்று நான் சொல்லலாம். வேறு யாரும் சொன்னால் சண்டைக்கு வருவேன்!

மாதா கோயில் பக்கம் நாங்கள், கத்தோலிக்கர். பள்ளிவாசல் பக்கம் முஸ்லிம் ஆட்கள். நடுவில் எங்கள் வீட்டு வளவும் றகுமா மாமியின் வீட்டு வளவும் பக்கத்துப் பக்கத்தில்.

தொண்ணூறில் இயக்கத்துக்காரர் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். றகுமா மாமி இரண்டு வயது மகன் நியாஸைத் தூக்கிக்கொண்டு புத்தளம் போனார். பிறகு சண்டை எங்களையும் எழுப்பியது. அம்மாவை நான் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்தேன். மாமியை அவருடைய மூத்த மகள் செய்தாள். இரண்டு பேரும் ஸ்காபரோவில் ஒரு பிளாசா மீன்கடையில், ஒரே விளைமீனுக்குக் கை நீட்டியபோதுதான் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்தார்கள். மீனை யார் வாங்கினார்கள் என்பதில் கடைசிவரை இரண்டு கதை இருந்தது.

அன்று சனிக்கிழமை காலை, அம்மாவும் மாமியும் நானும் அந்த மேசையில். ஊரில் பின்னேரம். இளந்தாரியாகிவிட்ட நியாஸ் ஊரில் பற்றைக்குள் போனோடு நிற்கிறான். மறுநாள் காணி பார்க்க ஊர் அதிகாரி, விதானையார், வருவார். அவரவர் வளவை அவரவர் காட்ட வேண்டும். காட்டத் தெரியாவிட்டால் புத்தளத்து ஓலைக் கொட்டிலுக்கே திரும்ப வேண்டியதுதான். காணி உறுதிப் பத்திரமும் இல்லை, வீடும் இல்லை. அவனுக்கு அந்த இடத்தைப் பற்றி ஒரு ஞாபகமும் இல்லை.

"உம்மா, இங்க ஒண்டுமே இல்ல. எல்லாம் உடைமுள்ளுக் காடு."

அம்மா முந்திக்கொண்டார். "மிதிவெடி எல்லாம் எடுத்திட்டாங்களோ தம்பி?"

"ஓம் மாமி, எடுத்தாச்சு எண்டு போர்டு போட்டிருக்கு."

"அப்ப நேர வா. இடக்கைப் பக்கம்."

"இல்ல மகன், வலக்கைப் பக்கம்!" என்றார் றகுமா மாமி.

"இடக்கை!"

"வலக்கை! பிலோமி, என்ட வீடு எனக்குத் தெரியாதா?"

பாவம் அவன்... அங்கும் இங்கும் நடந்து களைத்துப்போனான். எனக்குக் கொதி வந்துவிட்டது. "மாமி, நீங்கள் எங்கயிருந்து வாறீங்கள்?"

"பள்ளியடியில இருந்து."

அம்மா வந்துகொண்டிருந்தது கோயிலடியிலிருந்து. ஒரே றோட்டில் ஒரே வீட்டுக்கு எதிரும் புதிருமாக வந்துகொண்டு, குசினிக்குள் இருந்து சண்டை பிடிக்கிறார்கள்! சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் இருமல் வந்துவிட்டது. பிறகு ஒரே குரலில் சொன்னார்கள்: "கடலைப் பாத்து நில்லு. றோட்டுக்கும் கடலுக்கும் இடையில."

"சரி. அதுக்குள்ள எது நம்மட வளவு?"

மாமி யோசித்தார். "கிணத்தடியத் தேடு. மத்தாக்கள் கிணத்தடியில சிப்பியச் சும்மா கொட்டிவிட்டாங்க. உன்ட வாப்பாட வாப்பா ஒவ்வொண்டாக் கவுத்துச் சுண்ணாம்புல பதிச்சவர்."

"முத்து முளைக்கட்டும் எண்டு நட்டவர்," என்றார் அம்மா. அந்த மனுசனை அந்தக் காலத்தில் ஊரே சேர்ந்து நக்கல் அடித்ததாம்.

கத்தியால் பற்றை வெட்டும் சத்தம். மண்ணைச் சுரண்டும் சத்தம். வெகுநேரம் அதுதான் கேட்டது. புட்டு ஆறிப்போனது. மாமி அம்மாவின் கையை எப்போது பிடித்தார் என்று நான் கவனிக்கவில்லை.

"உம்மா..."

"சொல்லு."

"கவுந்து கிடக்கு உம்மா. வரிசையா... பதிச்சுக் கிடக்கு."

"நான் சொன்னேன்தானே," என்று நிமிர்ந்து இருந்தார் மாமி. ஆனால் அம்மாவின் கையை விடவேயில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

கொஞ்சம் பொறுத்து அம்மா மெதுவாகக் கேட்டார். "தம்பி, அதுக்கு அங்கால எங்கட வளவு. என்ன கிடக்கு?"

"உங்கடயும் காடுதான் மாமி. நான் எங்கட வளவ வெட்டேக்க உங்கடயும் சேத்து வெட்டிவிடுறன். வேலி போட்டுவிடவா?"

அம்மா றகுமா மாமியைப் பார்த்தார். "வேலி போட்டு ஆரை மறிக்கிறது தம்பி? விடு."

மறுநாள் விதானையார் வந்து, கிணற்றடியைப் பார்த்து, வளவு அவர்களுடையது என்று ஏற்றுக்கொண்டார். வீடு எழும்பியதும் மாமி ஊருக்கே போய்விட்டார். அம்மா இங்கேயே கண்ணை மூடினார். எனக்கும் போக வேண்டும் என்றுதான்... ஆனால் லீவு, பிள்ளைகளின் ஸ்கூல், மோட்கேஜ் என்று வருடங்கள் ஓடிவிட்டன.

இப்போது வழி சொல்லும் வேலையே இல்லை. வீடியோ கோல் எடுத்தால் நியாஸ் போனைத் தூக்கிப் பிடித்து முழுவதையும் காட்டுவான். போன கிழமையும் காட்டினான். துப்புரவான நிலம், அவனுடைய பிள்ளைகள், ஆடுகள், அந்தப் பக்கம் கடல்.

என் மகள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "அம்மா, விச் பார்ட் இஸ் அவர்ஸ்?"

எது எங்களுடையது என்று உண்மையில் எனக்கே தெரியவில்லை. முழு ஸ்கிரீனையும் கையால் தடவி, "இது" என்றேன்.

அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்த நியாஸ் சொன்னான்: "ஓம் மகள், எல்லாம்தான்."