பியோ மி-ஓக்குக்கு விழவேண்டிய இரண்டு முத்திரைகள்

கலையைச் சமூக அறிவியலால் துருவி முனைவராகத் துடிப்பவர்களுக்கு உதவ, சியோலில் எங்கள் பல்கலைக்கழகத் துறையில் ஒரு பதவி உண்டு. அதில் இருப்பவரும் ஆராய்ச்சி மாணவராகவே இருக்கவேண்டும். மற்றவர்களின் ஆய்வேட்டுக்காக அலைந்து தன் ஏட்டை மறந்துவிடவேண்டும். நாற்பதை நெருங்கும் பியோ மி-ஓக் இரண்டையும் குறைவில்லாமல் செய்துவந்தாள்.

அவளுடைய ஆய்வு, நடனக் குழுக்களில் கடைசி வரிசையில் ஆடுபவர்களைப் பற்றியது. முன்னால் வரப்போவதில்லை என்று தெரிந்தும் ஏன் ஆடிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது கேள்வி. பதிலுக்காக அவள் வெளியே போய் யாரையும் பேட்டி கண்டிருக்க வேண்டாம் என்பது அடுத்த மேசைக் குமாஸ்தாவான என் தாழ்மையான கருத்து.

ஏடு ஒருவழியாகத் தேறிவிட்டது. ஒப்புதல் தாளில், கையெழுத்துக்குப் பதிலாகப் பேராசிரியர்கள் குத்தும் பெயர் முத்திரைகளில் இரண்டுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அவை விழாவிட்டால் கெடு முடிந்தது, பட்டம் கிடையாது.

சிக்கல் மரியாதையில். சமூகவியல் பேராசிரியர் நாம்குங், நடனப் பேராசிரியை தாக் அம்மையாருக்குக் கல்லூரிப் படிப்பில் ஒரு வருடம் மூத்தவர். மூத்தவரை முந்துவது அடக்கமில்லை என்பது அம்மையார் கட்சி. நடன ஏட்டில் நடனக்காரரை முந்துவது பண்பில்லை என்பது அவர் கட்சி. நேரில் பேசித் தீர்ப்பதோ இருவருக்குமே அழகில்லை.

இத்தனைக்கும் இருவர் முத்திரையும், எங்கள் வழக்கப்படி, மி-ஓக்கின் டிராயரில்தான் கிடந்தன. அவர்கள் போனில் சொன்னால் இவள் குத்துவாள். மற்ற மாணவர்களுக்கு இந்தச் சிக்கல் வந்தபோதெல்லாம், "அவங்க வச்சிட்டாங்க" என்று இரண்டு பக்கமும் சொல்லிக் காரியத்தை முடித்தவளும் இவளே. தன் தாள் என்றதும் வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம், பாதி தின்ற கிம்பாப்பைத் தள்ளிவைத்தாள்.

"அண்ணா, நீங்க போன் பண்ணுங்களேன்."

"ஏன், மத்தவங்களுக்கெல்லாம் நீதானே புளுகின?"

"அது உத்தியோகம். இது புளுகு."

ஆய்வேட்டில்கூட இவ்வளவு தெளிவு இல்லை. நாம்குங்கைக் கூப்பிட்டேன்.

"தாக் அம்மா வச்சாச்சா?"

"வச்சாச்சு சார்."

"அப்ப என்னோடதயும் வச்சிருங்க. இதுக்கா இத்தன நாள் இழுத்தீங்க?"

அம்மையாரும் இதையே, கொஞ்சம் கூடுதல் மனவருத்தத்தோடு கேட்டார்.

மி-ஓக் முத்திரைகளை என்னிடம் நீட்டினாள். குத்தினேன்.

"கோணலா இருக்கு" என்றாள்.

"இருக்கட்டும். கடைசி வரிசைதானே."

சிரிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. மை காய்வதற்குள் ஒரு மாணவி எட்டிப்பார்த்தாள்.

"அக்கா, ஒப்புதல் தாள்ல ரெண்டு பேர் வைக்கமாட்டேங்கிறாங்க."

முனைவர் பியோ மி-ஓக் ஆறிப்போன பார்லி டீயை ஒரு வாய் குடித்துவிட்டு டிராயரைத் திறந்தாள்.

"உக்காரு. ரெண்டு பேர்ல யாரு மூத்தவங்க, அதச் சொல்லு."