குளிரில் உருகிய குழம்பு

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய குக்கரில் ஒரு வாரத்துக்கான கோழிக் குழம்பையும் பருப்பையும் ஆக்கி, ஐஸ்கிரீம் டப்பாக்களில் உறைய வைப்பேன். தேயிலைக் கொழுந்து பறித்து நான் வீடு திரும்புமுன் பிள்ளைகள் சுட வைத்துச் சாப்பிடுவார்கள்.

ஒரு ஜனவரியில் டப்பாவை அமுக்கினால் குழம்பு நெகிழ்ந்திருந்தது. வெளியே புல்லெல்லாம் உறைபனி, உள்ளே ஐஸ் உருகுகிறது! கெட்டதைத் தின்று பிள்ளைகளுக்கு ஏதும் ஆகிவிட்டால்? முன்னறையிலிருந்த பிரிட்ஜில் காதை வைத்தேன். மோட்டார் சத்தமே இல்லை.

தலவாக்கலையிலிருந்து வந்த மெக்கானிக் சிரித்தார்.

"பிரிட்ஜுல பழுதில்லக்கா. இந்தக் காம்பராவே பிரிட்ஜு மாதிரிதான் இருக்கு. கீழ்த்தட்டு குளுந்து கெடந்தா போதும்னு மோட்டார் நின்னுரும். மேல ஐஸ் பொட்டியில எல்லாம் உருகிரும். சூடா இருக்கற அடுப்படிக்கு மாத்துங்க, மோட்டார் ஓடும்."

வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று எங்கள் தோட்டத்து லய வரிசை வீடுகளில் எல்லோருமே பிரிட்ஜை முன்காம்பராவில்தான் வைப்போம், மேலே பூத்துணி விரித்து.

"அடுப்படியில வச்சா எவன் கண்ணுல படும்?" என்று இழுத்தார் கணவர்.

"புகைபட்டாலும் பரவாயில்லங்க. புள்ளைங்க வயிறு நல்லாருக்கணும்."

பிரிட்ஜை அடுப்படிக்கு நகர்த்தினோம். நெகிழ்ந்ததை மனமில்லாமல் கொட்டிவிட்டுப் புதிதாகச் சமைத்து வைத்தேன். விறகடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் குழம்பு எப்படி உறையும்? நம்ப முடியாமல் அடிக்கடி போய்க் காதை வைத்தேன். மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் டப்பாவை அமுக்கினேன். கல்லாக இருந்தது.

"இன்னைக்கு இதச் சுட வச்சுச் சாப்பிடுங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு கொழுந்து மலைக்குக் கிளம்பினேன்.